முலுவில் இரண்டு மாலைகள்

அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைகள் பெட்டியில் இருந்தன. பெட்டி மீரி விமான நிலையத்தில் இருந்தது. நாங்கள் மூவரும் முலுவில் வந்து இறங்கிவிட்டோம்.

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ள குனோங் முலு தேசியப் பூங்காவுக்குச் சாலை கிடையாது. சிங்கப்பூரிலிருந்து மீரிக்கு ஒரு விமானம். அங்கிருந்து விசிறி சுழலும் சிறிய விமானத்தில் அரை மணி நேரம். சன்னல் வழியே முதலில் செம்பனைத் தோட்டங்கள் தெரியும், பிறகு பால் கலந்த தேநீர் நிறத்தில் வளைந்து வளைந்து போகும் ஆறு, கடைசியில் காடு மட்டும். அந்தச் சிறிய விமானத்தில் எடை கூடிவிட்டால் சில பெட்டிகளை இறக்கி வைத்துவிடுவார்கள். அன்று இறக்கி வைத்தவற்றில் எங்களுடையதும் ஒன்று. மறுநாள் வந்துவிடும் என்றார்கள், வந்தும்விட்டது. ஆனால் அன்றிரவு மாத்திரை தவறியது. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் மறுபடி விமானம் ஏற வேண்டும். அம்மா நிம்மதியாகத் தூங்கினார். நான்தான் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து, கொசுவலைக்குள் அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை, மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுடை, மழைச்சட்டை, டார்ச் விளக்கு ஆகிய ஐந்தும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். முலு போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இந்தப் பயணத்துக்கு விதை போட்டவன் என் மகன். தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் புளோக்கை ஒட்டிய பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில், கூரையில் விரிசல் ஓடும் இடத்தில் வெள்ளைக் குச்சிகள் நான்கைந்து தொங்குகின்றன. பானம் உறிஞ்சும் குழாயைவிட மெலிதானவை, உள்ளே துளை உள்ளவை. மழை பெய்த மறுநாள் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு நிற்கும். அது என்ன என்று கேட்டான். சுண்ணாம்பு என்பது வரை எனக்குத் தெரியும். இருவரும் தேடிப் படித்தோம். கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்பு கசியும் நீரில் கரைந்து வந்து, காற்றுப் பட்டதும் கெட்டியாகிக் குழாயாக வளர்கிறது. குகைகளில் தொங்கும் கல்விழுதுகளுக்குப் பங்காளி முறை. ஆனால் அவற்றைவிடப் பல மடங்கு வேகமாக வளரக்கூடியது. “அப்படியானால் உண்மையான கல்விழுதைப் பார்க்க வேண்டும்” என்று பிடித்துக்கொண்டான்.

நம்மில் பலருக்குக் குகை என்றால் பத்துமலைதான். அம்மாவும் அதைத்தான் சொன்னார். பாவாடை சட்டைக் காலத்தில் தன் அப்பாவோடு தைப்பூசத்துக்குப் பேருந்தில் போய் 272 படிகளும் ஏறிய கதையை எத்தனை முறை கேட்டாலும் புதிதாகச் சொல்வார். பேரனோ பத்துமலையை மூன்று முறை பார்த்துவிட்டான். முலு என்று முடிவானதும் அடுத்த கேள்வி, அம்மாவை அழைத்துப் போவதா என்பது. அக்கா வேண்டாம் என்றார். எனக்கும் தயக்கம் இருந்தது. அம்மாவின் நடைவேகத்துக்கு நாங்களும் நடக்க வேண்டியிருக்கும், பார்க்க வேண்டியதைப் பாதியில் விட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்குத் தலைகீழாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முன்னேற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூன் பள்ளி விடுமுறையில் போவதாக இருந்தால், மாதத் தொடக்கத்தில் சரவாக்கில் காவாய் என்ற அறுவடைத் திருநாள் வருகிறது என்பதை மனத்தில் வையுங்கள். ஊர் திரும்புவோர் கூட்டத்தில் விமான இருக்கை கிடைப்பது கடினம். நாங்கள் மாத நடுவில் போனோம். குகைகளுக்குள் வழிகாட்டி இல்லாமல் போக அனுமதி இல்லை, ஒரு குழுவில் இத்தனை பேர்தான் என்ற வரம்பும் உண்டு. அதனால் விமான டிக்கெட் எடுக்கும் அன்றே குகைச் சுற்றுலாவுக்கும் பூங்காவில் பதிவு செய்துவிடுங்கள். ரிங்கிட் நோட்டுகளைக் கையிலேயே கொண்டுபோங்கள். ஏடிஎம்மை நம்பி அங்கே இறங்க வேண்டாம். சரவாக் தன் குடிநுழைவைத் தானே பார்த்துக்கொள்கிறது, கோலாலம்பூர் வழியாகப் போனாலும் மீண்டும் கடப்பிதழைக் காட்டத்தான் வேண்டும். உணவு பற்றி ஒரு சொல்: பூங்கா உணவகத்தில் காய்கறிச் சோறு கிடைக்கும், ஆனால் சைவம் என்று சொன்னால் போதாது, பெலாச்சான் (இறால் விழுது) போடாமல் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அம்மா கொண்டுவந்த இட்லிப் பொடியும் ஒரு சிறு புட்டி நல்லெண்ணெயும் மூன்று நாளும் கைகொடுத்தன.

பூங்கா 1974இல் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 1977, 78ஆம் ஆண்டுகளில் பிரிட்டனின் அரச புவியியல் சங்கம் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களை அனுப்பிப் பதினைந்து மாதம் ஆய்வு செய்த பிறகுதான், அந்த மலைகளுக்குள் எவ்வளவு பெரிய வெற்றிடம் இருக்கிறது என்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது. அங்கு வாழும் பெராவான், பெனான் பழங்குடி மக்களுக்கு அதில் பல குகைகள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவை. 1985இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 2000இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. பரப்பு ஏறத்தாழ 528 சதுர கிலோமீட்டர். நம் சிங்கப்பூரில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு.

இரண்டாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். மான் குகைக்கும் லாங் குகைக்கும் போகும் பாதை மூன்று கிலோமீட்டர். முழுக்கப் பலகை பாவியது, ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. மற்றவர்கள் முக்கால் மணி நேரத்தில் போய்விடுவார்கள். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. வழிகாட்டி பெராவான் இனத்தவர், ஐம்பது வயதிருக்கும். காலில் கம்போங் அடிடாஸ் என்று சரவாக்கில் எல்லாரும் அழைக்கும் கறுப்பு ரப்பர் காலணி. அடிப்பகுதியில் முள் முள்ளாக இருக்கும், விலை குறைவு, ஈரப் பலகையில் வழுக்காது. ஈசூனில் நான் விலை கொடுத்து வாங்கிய நடைக்காலணி அந்தப் பலகையில் இரண்டு முறை சறுக்கியது. மீரி சந்தையில் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் பாசார் மலாய் சரளமாக வரும். அவர் தலைமுறைக்காரர்கள் அக்கம்பக்கத்தில் பேசிப் பழகிய மலாய். வழிகாட்டி அவரை “மாக்சிக்” (அத்தை) என்று அழைக்கத் தொடங்கியதும் இருவருக்கும் பேச்சு ஓயவில்லை. குழுவில் மற்றவர்களை இன்னொரு வழிகாட்டி முன்னால் அழைத்துப்போக, இவர் எங்களோடு பின்தங்கினார். அம்மா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிற்பார். அப்படி நின்ற ஓரிடத்தில்தான், கைக்கெட்டும் தூரத்து மரப்பட்டையில் ஒட்டியிருந்த பூச்சியைப் பார்த்தார். உடம்பு கட்டைவிரல் அளவு, முகத்துக்கு முன்னால் நீண்டு மேல்நோக்கி வளைந்த தும்பிக்கை போன்ற மூக்கு, இறக்கையில் வெளிர்ப்புள்ளிகள். லாந்தர்ப் பூச்சி என்றார் வழிகாட்டி. பெயர்தான் லாந்தர், வெளிச்சம் எதுவும் தராது. இருநூறு அடி முன்னால் ஓடிப்போயிருந்த என் மகன் அதைப் பார்க்கத் திரும்பி வந்தான். அந்த மரத்தை ஏற்கெனவே கடந்து போனவன் அவன். கைப்பிடிக் கட்டையில் மட்டும் பார்க்காமல் கை வைக்காதீர்கள். கம்பளிப்புழுக்களும் அதே கட்டையில்தான் நடக்கின்றன.

முதலில் லாங் குகை. சிறியது, விளக்குப் போட்டது, உள்ளே பாதை தெளிவாக இருக்கிறது. இங்கேதான் என் மகன் தேடி வந்த கல்விழுதுகள். கூரையிலிருந்து தொங்குபவை, தரையிலிருந்து முளைப்பவை, இரண்டும் சந்தித்துத் தூணானவை, புடவையை உதறிக் கொடியில் போட்டதுபோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கல்திரைகள். புவியீர்ப்பை மதிக்காமல் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு வளரும் வேர் போன்ற இழைகளும் உண்டு. இந்தச் சுண்ணாம்புக்கல்லை மலாயில் என்னவென்று சொல்வது என்று அம்மா கேட்டார். “பத்து காப்பூர்” என்றார் வழிகாட்டி. அம்மாவின் முகம் மலர்ந்தது. காப்பூர் என்றால் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு. அம்மாவின் அம்மா அடுத்த வீட்டு மலாய்க்காரப் பாட்டியிடம் காப்பூர் கடன் வாங்கிவரச் சொல்லி அனுப்புவாராம். பத்து என்றால் கல். ஒரு மலையே வெற்றிலைச் சுண்ணாம்பின் சொந்தம் என்று அங்கே நின்று பேரனுக்கு விளக்கினார்: காட்டு மண்ணில் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, சுண்ணாம்புக்கல்லை அரிக்கிறது, குகைக் கூரையில் வந்து சொட்டும்போது அந்த வாயு வெளியேற, சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வழிகாட்டி மலாயில் சொன்னதை அம்மா தமிழில் சொன்னார். நான் வீட்டில் படித்துக் காட்டியபோது பாதி கேட்ட பையன், பாட்டி சொன்னபோது வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் கண்ணுக்கு நேராக ஒரு விழுது. நுனியில் சொட்டு திரண்டு, கனத்து, உள்ளே அந்தக் குகை முழுவதும் தலைகீழாகத் தெரிந்தது. விழவில்லை. எண்ணத் தொடங்கினான். நாற்பத்தொன்றில் விழுந்தது. அடுத்த சொட்டு திரளத் தொடங்கியது. விழுது வளர்வது பொதுவாக ஆண்டுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். தொட வேண்டாம் என்று சொல்வதன் காரணமும் இதில் இருக்கிறது: விரலில் உள்ள எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் நீர் சரியாக ஒட்டாது, வளர்ச்சி கெடும். விளக்குகளையும் ஆள் இருக்கும்போது மட்டுமே எரியவிடுவது நல்லது, தொடர்ந்து வெளிச்சம் பட்டால் கல்லில் பாசி பிடித்துவிடும். எனவே வழிகாட்டி விளக்கை அணைக்கும்போது முகம் சுளிக்காதீர்கள்.

மான் குகையின் வாசனை வாசலுக்கு முன்பே வந்துவிடுகிறது. வௌவால் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா நெடி. ஆஸ்துமா உள்ளவர்கள் நல்ல முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். மற்றவர்களுக்கும் தலையில் தொப்பி தேவை. மான்கள் உப்புப் பாறையை நக்க வந்து ஒதுங்கும் இடமாக இருந்ததால் இந்தப் பெயர் என்றார் வழிகாட்டி. வியட்நாமின் சோன் டூங் குகையை அளப்பதற்கு முன்பு, உலகிலேயே மிகப் பெரிய குகைப்பாதை என்ற பெருமை இதற்குத்தான் இருந்தது. எண்ணாகச் சொன்னால் மனத்தில் ஏறாது. நாற்பது மாடி வீவக குடியிருப்புக் கட்டடத்தை உள்ளே நிறுத்தி வைக்கலாம்; அதற்கு இருபுறமும் பேருந்து போக வழியும் இருக்கும். அவ்வளவு பெரிய கூரையின் ஓட்டைகளிலிருந்து, நூறு மீட்டருக்கும் மேல் உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது. விழும்போதே பிரிந்து, தரைக்கு வரும்போது சாரலாகிவிடுகிறது. ஆதாம் ஏவாள் குளியல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மகனிடம் முஸ்தபாவில் வாங்கிய பெரிய டார்ச் இருந்தது. வாசலிலேயே அதைக் கூரையை நோக்கி அடித்தான். வழிகாட்டி அதை மெதுவாகக் கீழிறக்கினார். வௌவால்களைக் கலைக்கக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்றை அவர் காட்டித்தான் புரிந்துகொண்டோம். ஒளி பலமாக இருந்தால் கண்மணி சுருங்கிவிடும், அந்த வட்டத்துக்கு வெளியே எல்லாம் கறுப்பு. டார்ச்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள் என்றார். வேறு குழுக்கள் எங்களைக் கடந்து போயின. அம்மா கைப்பிடியில் சாய்ந்து நின்றதால் நாங்களும் நின்றோம். மெல்ல மெல்லச் சுவர்கள் வந்தன. பிறகு கூரை. பிறகு கூரையில் இன்னும் கறுப்பாக ஒரு பெரிய திட்டு, தார் ஊற்றியதுபோல. அவை அத்தனையும் வௌவால்கள். குகையில் ஏறத்தாழ 3 மில்லியன் வௌவால்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள், மிகப் பெரும்பாலானவை சுருங்கிய உதடு கொண்ட ஒரே இனம்.

வழிகாட்டி தன் சிறிய விளக்கைப் பாதையோர எச்சக் குவியல்மீது காட்டினார். பழுப்பு மண்மேடு என்று நினைத்தேன். மேடு கொதித்துக்கொண்டிருந்தது. கரப்பான்கள், வண்டுகள், அவற்றின் புழுக்கள். வெளியே காட்டில் வௌவால் தின்ற பூச்சி, உள்ளே எச்சமாக விழுந்து இந்தப் பூச்சிகளுக்கு உணவாகிறது. வெயில் நுழையாத இடத்தில் ஓர் உலகமே இந்த எச்சத்தை நம்பித்தான் நடக்கிறது. கைப்பிடிக் கம்பியிலும் எச்சம் படிந்திருக்கும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவும் வரை முகத்தைத் தொடாதீர்கள், குழந்தைகளுக்கு முறுக்கு எதுவும் கொடுக்காதீர்கள்.

உள்ளே போனபின் திரும்பி வாசலைப் பார்த்தால், பாறையின் விளிம்பு அமெரிக்க அதிபர் லிங்கனின் பக்கவாட்டு முகமாகத் தெரிகிறது. மூக்கு, உதடு, தாடி எல்லாம் சரியாக இருக்கின்றன. அம்மாவுக்கு லிங்கனைப் பழக்கமில்லை. “யாரோ பெரியவர் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்” என்றார். பிறகு வழிகாட்டி எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்ன ஒரு வளைவில், இருட்டில் ‘டிக் டிக் டிக்’ என்ற ஒலி தலைக்கு மேல் போனது. உழவாரக் குருவிகள். ஒலியெழுப்பி, எதிரொலியைக் கேட்டு இருட்டில் வழி கண்டுபிடிக்கும் பறவைகள். வௌவாலின் ஒலி நம் காதுக்கு எட்டாது, இதன் ஒலி எட்டும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு “முருகா” என்றார். பயத்தில் சொன்னது போல இல்லை. பத்துமலையில் சன்னிதித் திரை விலகும்போது சொல்வாரே, அந்தக் குரல்.

வெளியே வந்து வௌவால் பார்க்கும் திறந்தவெளி அரங்கில் உட்காரும்போது மணி ஐந்து. வானம் கறுத்துவிட்டது. ஐந்தேகாலுக்கு மழை பிடித்தது, ஈசூனில் நாம் பார்க்கும் மழையைப் போல் இருமடங்கு. மழையில் வௌவால்கள் வெளியே வரா. அரை மணி நேரம் காத்திருந்து, அந்த மழையிலேயே மூன்று கிலோமீட்டர் திரும்பி நடந்தோம். மறுநாள் காலை விமானத்தில் கிளம்ப வேண்டிய ஒரு குடும்பம் எங்கள் முன்னால் நடந்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பத்துச் சிறுமி அழுதாள். அவளைப் பார்த்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அவர்கள் ஓர் இரவு மட்டும் தங்க ஏற்பாடு செய்து வந்தவர்கள். முலுவுக்கு வறண்ட பருவம் என்று ஒன்று கிடையாது, எந்த மாதத்திலும் பிற்பகல் மழை வரும். மூன்று இரவுகளுக்குக் குறைத்துத் திட்டம் போடாதீர்கள். இரண்டு மாலைகளாவது வௌவாலுக்கென்று கையில் இருக்க வேண்டும். பணம் இடிக்குமானால் அறையின் தரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், நாளைக் குறைக்காதீர்கள்.

மூன்றாம் நாள் காலை நீளப் படகில் மெலினாவ் ஆற்றின் வழியே காற்றுக் குகைக்கும் தெளிநீர்க் குகைக்கும் போனோம். வழியில் பத்து புஙான் என்ற பெனான் குடியிருப்பில் இறங்கினால் பிரம்புக் கூடைகளும் மணிவேலைப்பாடுகளும் விற்கிறார்கள். அம்மா ஒரு பிரம்புக் கைப்பை வாங்கினார். காற்றுக் குகையில் குறுகலான ஓரிடத்தில் சில்லென்று காற்று முகத்தில் அடிக்கிறது. அரசர் கூடம் என்ற பகுதியில் கல்தூண்கள் அடர்ந்து நிற்கின்றன. முந்தைய நாளைப் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் பழகிய காட்சிதான்.

தெளிநீர்க் குகைக்கு ஏற இருநூறு படிகள் என்றார் வழிகாட்டி, அம்மாவைப் பார்த்தபடி. “பத்துமலையைவிடக் குறைவுதான்” என்று அம்மா கால் வைத்துவிட்டார். இருபது படிக்கு ஒரு நிறுத்தம். ஒரு நிறுத்தத்தில் பாறையோரம் தொங்கிய செடியைப் பார்த்தோம்: செடி முழுவதற்கும் ஒரே ஓர் இலை, உள்ளங்கையைவிடப் பெரியது. வாழ்நாள் முழுவதும் அந்த ஓர் இலையோடுதான் இருக்குமாம். குகை வாயிலில் பாறைகள் ஊசி ஊசியாக, எல்லாம் ஒரே திசையில், வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. பாறைமேல் வாழும் நுண்ணிய பாசி வெளிச்சம் வரும் பக்கமாகவே கல்லைக் கரைத்துக்கொண்டு போவதால் வந்த வடிவம் அது. உள்ளே நிலத்தடி ஆறு ஓடுகிறது. இந்தக் குகைத் தொகுதியில் இதுவரை 200 கிலோமீட்டருக்கும் மேல் அளந்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் மேற்குக் கோடியான துவாஸிலிருந்து கிழக்குக் கோடியான சாங்கிக்கு ஏறத்தாழ இரண்டு முறை போய்வரும் தூரம். நாம் நடப்பது அதில் ஒரு துணுக்கு. இதே மலைகளுக்குள் 1981இல் கண்டுபிடித்த சரவாக் கூடம் 600 மீட்டர் நீளம், 415 மீட்டர் அகலம் என்று வழிகாட்டி சொன்னபோது, நம் தேசிய விளையாட்டரங்கின் கூரை 310 மீட்டர் அகலம்தான் என்று மகன் கணக்குச் சொன்னான். அங்கே போக நாள் முழுவதும் நடந்தும் ஏறியும் போகத் தெரிந்திருக்க வேண்டும். அவன் பெரியவனானதும் போகட்டும்.

பிற்பகலில் அம்மா இரண்டு மணி நேரம் படுத்து எழுந்தார். வௌவால் அரங்குக்கு மட்டும் போக வழிகாட்டி தேவையில்லை, குகைக்குள் நுழையத்தான் தேவை. மூன்றரைக்கே மூவரும் புறப்பட்டோம். முந்தைய நாள் நின்ற இடங்களிலெல்லாம் அம்மா நின்றார். லாந்தர்ப் பூச்சி அதே மரத்தில், ஒரு முழம் மேலே ஏறியிருந்தது.

ஐந்தே முக்காலுக்கு மலைமுகட்டுக்குக் கீழே, குகை வாயில் இருக்கும் பக்கம், புகைபோல ஒரு கோடு எழுந்தது. அரங்கில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். கோடு சுருண்டது, வளையமானது, வளையம் நகர்ந்து எங்கள் தலைக்கு மேல் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு அறுபடாத ஒரே நாடா, வானத்தில் நெளிந்து நெளிந்து, காட்டின் மறுகோடிவரை. ஒரு வௌவால் பிடிக்கும் பருந்து நாடாவின் ஓரத்தில் பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் நாடா குழிந்து விலகி, மறுபடி சேர்ந்துகொண்டது. அவை கும்பலாகச் சுழன்று போவது பருந்துக்கு ஒற்றை இலக்குக் கிடைக்காமல் இருக்கத்தான். “சத்தத்தைக் கேள்” என்றார் அம்மா. நான் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. கைப்பேசியைப் பைக்குள் வைத்தேன். அப்போதுதான் கேட்டது: யாரோ வெகு உயரத்தில் முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம். அம்மா சொன்ன உவமைதான் இது, இதைவிடச் சரியான ஒன்றை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஒரே இரவில் டன் கணக்கில் பூச்சிகளைத் தின்றுவிட்டு, விடிவதற்குள் திரும்பிவிடும் கூட்டம். படம் எடுப்பதென்றால் முதல் இரண்டு நிமிடம் எடுங்கள். கைப்பேசித் திரையில் அது வெறும் கறுப்புப் பொடிதான்.

ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஓடியது. வெளிச்சம் போகப் போக மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கிளம்பினார்கள். அம்மா எழவில்லை. கடைசி இழை மரங்களுக்கு மேல் கரைந்து போகும்வரை, மடியில் பிரம்புப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரவு மாத்திரையை அங்கேயே போட்டுக்கொண்டார். இந்த முறை அது கைப்பையில் இருந்தது.

திரும்பும் மூன்று கிலோமீட்டரும் இருட்டு. பலகை ஈரமாக இருந்தது, தவளைகள் இருபுறமும் கத்தின. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மகன் முன்னால் ஓடவில்லை. டார்ச்சின் ஒளியைக் கையால் பாதி மறைத்து, பாட்டி அடுத்த அடி வைக்கும் பலகையில் மட்டும் விழும்படி பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வந்தான்.